கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமைதோறும் கொப்புடையம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டுத்தான் அம்மா வருகிறாள்.

தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு பக்கம் சமைத்துக்கொண்டே, இன்னொரு பக்கம் குட்டியை அதட்டிக்கொண்டே பேசுகிறாய். இந்த விஷயத்தை அப்படிப் பேச என்னால் முடியாது. துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை அளந்து பார்ப்பேன் இல்லையா, அந்த மாதிரி அளந்து சொல்ல வேண்டிய விஷயம் இது. நாலு நாளாக எழுதிக் கிழித்து, இன்றைக்குத்தான் ஒரு வழியாக உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாய். ஐந்து படுக்கையறை, கீழே பேஸ்மென்ட், சமையலறை நடுவில் கல் மேடை. 11 லட்சம் டாலர் என்றாய். முப்பது வருஷக் கடன். நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி நின்றார். நல்ல வீடுதான். "என்னப்பா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று நீ கேட்டாய். "நல்லா இருக்கும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் போன வருஷம் அமெரிக்காவில் உங்களோடு இருந்தபோது, அந்த மாதிரி ஒரு பேஸ்மென்டில்தான் நான் ஒரு வார்த்தையைக் கேட்டேன். அதை இதுவரை உன்னிடம் பேசவில்லை.

உன் சிநேகிதி வீட்டில் பிறந்தநாள் விழா. சின்ன சினிமா கொட்டகை மாதிரி இருட்டாக ஒரு அறை, சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். எல்லோரும் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அங்கிள் ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அப்பா டெக்ஸ்டைல் பிசினஸ்ல இருந்தாங்க." அவர் தலையாட்டினார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாருடைய பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, யார் எந்த ஊருக்கு வீடு மாறினார்கள் என்று வெகுநேரம் ஓடியது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் இல்லை, நம்பு. பன்னிரண்டு வயதில் காஜா பையனாகக் கடையில் சேர்ந்தவன் நான். பட்டன் ஓட்டைக்கு நூல் சுற்றிச் சுற்றி விரல் தடித்துப்போன அன்றைக்கே யார் என்ன சொன்னாலும் தாங்கப் பழகிவிட்டேன். ஆனால் இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று புரண்டு புரண்டு யோசித்தேன். விடியற்காலையில் விடை கிடைத்தது. என்னிடம்தான் கற்றுக்கொண்டாய்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. நீ நாலாவது படித்தபோது, தீபாவளிக்கு நான் தைத்த கவுனைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அழுதாய். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பெரிய கடை ரெடிமேட் போடுகிறார்கள், கழுத்துக்குப் பின்னால் பெயர் போட்டிருக்கும், உன்னுடையதில் ஒன்றும் இல்லை என்று கேலி செய்தார்களாம். அன்று ராத்திரி கடையில் ஆல்ட்ரேஷனுக்கு வந்து கிடந்த பழைய சட்டை ஒன்றிலிருந்து லேபிளைப் பிரித்தேன். பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக, லேபிள் கிழியாமல். உன் கவுன் கழுத்தில் வைத்து நாலு பக்கமும் நுணுக்கமாக அடித்தேன். காலையில் நீ அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. "இது என் அப்பா தைத்தது" என்று சொல்ல உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறொருவன் பெயரை உன் கழுத்தில் தைத்துவிட்டேன். அந்தப் பேஸ்மென்டில் நீ சொன்ன வார்த்தையும் அப்படி ஒரு லேபிள்தான், கண்ணு. தைக்கக் கற்றுக் கொடுத்தவன் நான். அதனால் இதை எழுதுகிற கடமையும் எனக்குத்தான்.

ஆறு மாசம் அங்கே இருந்தபோது மனிதர்களைவிட அவர்கள் துணியைத்தான் அதிகம் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் குதிரைப் படம் போட்ட பனியன் சட்டை நாலைந்து இருக்கிறது இல்லையா, அதில் ஒன்றைத் துவைத்து மடிக்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நல்ல நூல், ஓவர்லாக் சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலைக்கு அந்த விலை இல்லை. மீதி விலை குதிரைக்கு. மாப்பிள்ளையிடம் கேட்டபோது அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் கதையைச் சொன்னார். ரால்ஃப் லாரன், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1939ல் பிறந்தவர். பெலாரஸ் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். லிஃப்ஷிட்ஸ் என்ற குடும்பப் பெயர் கேலிக்கு ஆளானதால் பள்ளிக்கூட வயதிலேயே லாரன் என்று மாற்றிக்கொண்டார்கள். 1967ல் கழுத்து டை விற்கத் தொடங்கி, 1972ல் இந்தக் குதிரைச் சட்டையைக் கொண்டுவந்தார். போலோ என்பது குதிரை வைத்திருக்கிற பரம்பரைப் பணக்காரர்கள் விளையாட்டு. பெயின்ட் அடிக்கிறவர் மகன், அந்தப் பணக்காரர்களின் தோற்றத்தைத் துணியில் தைத்து, அது இல்லாத எல்லோருக்கும் விற்றார். அவர் உழைப்பு பெரிய உழைப்பு. தொழில்காரனாக நான் அவரைக் கும்பிடுகிறேன். அந்தப் பெயர் மாற்றிய பையனை நினைத்தால் மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நாலாவது படித்த நீதான் கண்ணில் வந்தாய்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், மளிகைக் கடை வரிசையில் ஒரு டிரை கிளீனிங் கடை இருக்கிறதே, அங்கே ஒரு கொரியப் பெரியவர் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். நடைப்பயிற்சி போகும்போது கண்ணாடி வழியாக அவர் பேண்ட் ஓரம் மடித்து அடிப்பதைப் பார்த்தேன். கால் தானாக நின்றுவிட்டது. அவர் உள்ளே வரச் சொல்லிக் கையாட்டினார். அவருக்கும் இங்கிலீஷ் அவ்வளவாக வராது, எனக்கும் வராது. நான் என் நடுவிரலை நீட்டி ஊசிக் காய்ப்பைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு தன் விரலைக் காட்டினார். அதே இடத்தில் அதே காய்ப்பு. அப்புறம் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் கைகாட்டினார். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்ட ஒரு பெண். "மை டாட்டர். டாக்டர்" என்றார். பேண்ட் கொடுக்க வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் அந்தப் படத்தை மாட்டியிருந்தார். அந்தப் பெண்ணும் அந்தக் கடைக்கு வருவாள் போலிருக்கிறது. ஓரத்தில் அவள் குழந்தையின் விளையாட்டுச் சாமான் கிடந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். உன்னிடம் பார்க்குக்குப் போவதாகச் சொன்னேன். நானும் மறைத்தேன், பார்.

ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் போனோமே, அந்தப் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி அப்பாவுக்குக் கடலோர அரண்மனை காட்டினாய். தி பிரேக்கர்ஸ். 70 அறைகள். 1895ல் கட்டி முடித்தது. கோடையில் சில வாரம் மட்டும் வந்து தங்கிப் போக! அதற்குக் 'காட்டேஜ்' என்று பேர் வைத்திருந்தார்கள். நீயும் குட்டியும் ஹாலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மேலே அந்தக் குளியலறையில் நின்றுவிட்டேன். ஒரே கல்லில் குடைந்த சலவைக்கல் தொட்டி. நாலு குழாய். இரண்டில் நல்ல தண்ணீர், இரண்டில் கடல் தண்ணீர். கல் சில்லென்று இருக்கும் என்பதால் வெந்நீர் நிரப்பி, காலி செய்து, மறுபடி நிரப்பித்தான் குளிக்க முடியுமாம். அந்தத் தொட்டியை நிரப்பிக் காலி செய்த வேலைக்காரப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குடும்பத்தின் கதையை மாப்பிள்ளை திரும்பி வரும்போது விவரமாகச் சொன்னார். பணத்தைச் சம்பாதித்தவர் தாத்தா, கார்னீலியஸ் வேண்டர்பில்ட். ஸ்டேட்டன் தீவில் 1794ல் பிறந்து, பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினாறு வயதில் அம்மாவிடம் 100 டாலர் கடன் வாங்கி, ஒரு பாய்மரப் படகில் ஆட்களையும் சரக்கையும் அக்கரைக்கு ஏற்றி இறக்கினார். அப்புறம் நீராவிக் கப்பல், அப்புறம் ரயில். 1877ல் சாகும்போது சுமார் 10 கோடி டாலர். அவ்வளவு பணம் இருந்தும் நியூயார்க்கின் பழைய குடும்பங்கள் அந்த வீட்டாரை வாசலுக்குள் சேர்க்கவில்லை. ஆஸ்டர் வீட்டு அம்மாதான் அப்போது அந்த ஊருக்கு ராணி. மதிக்கத் தகுந்தவர்கள் நானூறு பேர்தான் என்று ஒரு பட்டியலே இருந்ததாம். 1883ல் வேண்டர்பில்ட் வீட்டு மருமகள் ஆல்வா, புதிதாகக் கட்டிய மாளிகையில் ஊரே வாய் பிளக்கும்படி ஒரு மாறுவேட விருந்து வைத்தாள். தன் மகளுக்கும் அதற்கு அழைப்பு வேண்டும் என்பதற்காகவே ஆஸ்டர் அம்மா அந்த வீட்டுக்குத் தன் பெயர் அட்டையை அனுப்பினார் என்று சொல்வார்கள். அந்த அட்டை வந்தால் அந்த வீட்டாரை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒரு அட்டைக்காக எத்தனை பணம்! அந்த விருந்து நடந்த மாளிகையை 1920களிலேயே இடித்துவிட்டார்கள்.

பிரேக்கர்ஸ் கட்டியவர் பேரன், அவர் பெயரும் கார்னீலியஸ். கட்டி முடித்த அடுத்த வருஷமே பக்கவாதம். 1899ல் 55 வயதில் போய்விட்டார். வாரிசுகளுக்கு வரியும் பராமரிப்பும் தாங்கவில்லை. 1948ல் கடைசி மகள் அந்த வீட்டை வருஷம் ஒரு டாலர் வாடகைக்கு ஒரு பாதுகாப்புச் சங்கத்திடம் விட்டாள். அதனால்தான் நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிந்தது.

ஒன்று கவனித்தாயா? அந்த வீட்டில் ஓக் மரத்து இலையும் காயும் எங்கே பார்த்தாலும் செதுக்கியிருக்கும். அதுதான் குடும்பச் சின்னமாம். இத்தாலி நாட்டு அரண்மனை மாதிரி தூண்கள், பிரான்ஸ் நாட்டு அலங்காரம். தாத்தா ஓட்டிய படகு எங்காவது ஒரு மூலையிலாவது இருக்கும் என்று நான் தேடிக்கொண்டே வந்தேன். என் கண்ணில் படவில்லை. அந்தக் கல் அத்தனையையும் வாங்கிக் கொடுத்தது அந்தப் படகு.

1899லேயே ஒரு பொருளாதாரப் பேராசிரியர், வெப்லன் என்று பெயர், நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயி மகன், இதைப் பற்றி எழுதிவிட்டாராம். மனிதர்கள் தேவைக்காகச் செலவு செய்வதைவிட, பிறர் கண்ணில் படுவதற்காகச் செலவு செய்வது அதிகம். ஒவ்வொரு தட்டில் இருப்பவரும் மேல் தட்டைப் பார்த்தே வாழ்கிறார் என்று. உடுப்பு எப்போதும் உடம்பின்மேல் இருப்பதால் அதில்தான் இது நன்றாகத் தெரியும் என்றும் சொன்னாராம். தையல் மெஷினில் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது புதுச் செய்தி இல்லை. மேல் தட்டுக்கும் மேலே ஒரு தட்டு இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 11 லட்சம் டாலர் வீட்டில் போய் உட்கார்ந்ததும், அங்கிருந்து 20 லட்சம் டாலர் வீடு கண்ணில் படும்.

நீ பிறந்து வளர்ந்த காரைக்குடியும் உனக்கு இதைச் சொல்லியிருக்கும். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று, பர்மாவில் தொழில் செய்து சம்பாதித்த நகரத்தார் செட்டியார்கள் கட்டிய வீடுகள். உழைப்பும் ரசனையும் சேர்ந்த வீடுகள், அதில் சந்தேகமில்லை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே இருந்த சொத்தெல்லாம் போயிற்று. எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீட்டின் தூணும் நிலையும் பழைய சாமான் கடைக்கு வந்தது என்று பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே பார்த்தவள் நீ.

சரி, உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். குட்டியின் படிப்புக்காகத்தான் இந்த வீடு என்கிறாய். அதைத் தள்ளிவிட மாட்டேன். அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பணத்தில் பெரிய பங்கு ஊரில் வசூலாகும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீடு விலை ஏறின ஊரில் பள்ளிக்கும் வசதி ஏறும். டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்று ஒரு தகடு வேலைத் தொழிலாளி, தன் பிள்ளைகள் படித்த ஏழைப் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்துப் பணக்காரப் பள்ளிக்கூடத்துக்கும் ஏன் இத்தனை வித்தியாசம் என்று மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து 1968ல் வழக்குப் போட்டார். 1973ல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றார். ஒரே ஒரு நீதிபதி! உங்கள் நியூஜெர்சியில் 1990ல் மாநில நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது, ஏழை ஊர்ப் பள்ளிகளுக்கும் பணக்கார ஊர்களுக்கு நிகராகச் செலவழிக்க வேண்டுமென்று. ஆகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீடு தேடுகிற தாய் தகப்பனை நான் குறை சொல்ல முடியாது. ஏற்பாடே அப்படி இருக்கிறது.

ஆனால் நீயே உன்னைக் கேட்டுப் பார். குட்டி இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்தில் என்ன குறை? நான்தானே ஆறு மாசம் அவளைக் கூட்டிவந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வருகிறாள். அந்தப் புது ஊர்ப் பெயரை நீ சொல்லும்போது உன் குரல் மாறியதைக் கவனித்தேன். "எங்கே இருக்கீங்க?" என்று அங்கே தமிழர்கள் ஒருவரை ஒருவர் கேட்கிறார்களே, அது விலாசம் கேட்பது இல்லை என்று எனக்கும் புரிந்துவிட்டது. இந்த 11 லட்சத்தில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு எவ்வளவு? இதை மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு. அவரைப் பேச விடு. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு ஏதோ சொல்ல இருக்கிறது.

உங்கள் இரண்டு பேர் விசாவும் வேலையோடு கட்டிப் போட்டது. வேலை போனால் 60 நாள் அவகாசம் என்று நீதான் சொன்னாய். வேலை வழியாகத் தருகிற கிரீன் கார்டு எந்த நாட்டுக்காரர்களுக்கும் வருஷத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் நம்மவர்கள் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. கையில் 60 நாளை வைத்துக்கொண்டு தலையில் முப்பது வருஷத்தை ஏற்றுவதா? என் கடைக்கு முதல் மெஷின் வாங்க அம்மா தன் சங்கிலியை அடகு வைத்தாள். அதை மீட்க ஐந்து வருஷம் ஆயிற்று. அந்த ஐந்து வருஷமும் தினம் ராத்திரி அவள் வெறும் கழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் சாப்பிட்டேன். கடனோடு தூங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை சொன்ன இன்னொரு கதையை எழுதாமல் விட மனசில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊர். ஒசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பினப் பெண். 1908ல் பிறந்தவர். உடம்பு முடியாத சித்தியைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டார். மெஷின் வாங்கிப் பார்த்து, அது சுத்தமாகத் துவைக்கவில்லை என்று மறுபடி கொப்பரைக்கும் தேய்க்கிற பலகைக்கும் திரும்பினாராம்! அதைக் கேட்டதும் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வயதான பிறகு பாங்கில் அவர் முன்னால் பத்து நாணயங்களை வைத்து, உங்கள் பணத்தைப் பத்துப் பங்காக நினைத்துப் பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். ஒரு பங்கு சர்ச்சுக்கு, மூன்று பங்கு உறவினர்களுக்கு, மீதி ஆறு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு. 1995ல் அந்த 1,50,000 டாலர் நன்கொடையை அறிவித்தார்கள், படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக. 1965 வரைக்கும் அவருடைய இனத்துப் பிள்ளைகளைச் சேர்க்காமல் இருந்த பல்கலைக்கழகம் அது. ஜனாதிபதி கூப்பிட்டு பதக்கம் கொடுத்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எங்கே போனாலும் துணி துவைக்கிறவர் என்றுதான் அவரைச் சொன்னார்கள், அவரும் அப்படியேதான் சொல்லிக்கொண்டார். லாண்டரி பிசினஸ் என்று சொல்லவில்லை, கண்ணு.

வீட்டை வாங்குவதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. வாங்கினால் பால் காய்ச்ச நானும் அம்மாவும் வருவோம், முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டுப் பேஸ்மென்டிலும் யாராவது என்னைக் கேட்பார்கள். அப்போது நீ முந்திக்கொள்ளாதே. நானே சொல்கிறேன், காரைக்குடியில் டெய்லர் என்று. நீ பக்கத்தில் நின்றால் போதும்.

குட்டிக்குப் பொங்கலுக்கு மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்துப் பட்டுப் பாவாடை தைத்து இன்றைக்குப் பார்சலில் போட்டிருக்கிறேன். இடுப்பில் இரண்டு கொக்கி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு உள் கொக்கியைப் போடு. கீழே நாலு இன்ச் உள்ளே மடித்துக் கைத்தையல் போட்டிருக்கிறேன். வளர வளர நூலைப் பிரித்து இறக்கி விடலாம். கத்தரியால் வெட்டாதே, ஊசி முனையால் எடுத்தால் சுலபமாக வரும். சட்டைக் கழுத்தில் லேபிள் எதுவும் வைக்கவில்லை. யார் தைத்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியும்.

அன்புடன்,
அப்பா